பரவுவது ஒரு காணொளி, நீதிமன்றத்தில் நிற்பது வேறொன்று

2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் கிர் சோம்நாத் மாவட்டத்தில், மோட்டா சமாதியாலா கிராமத்துத் தலித்துகள் இறந்துபோன மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்தபோது பசுப் பாதுகாப்புக் கும்பலொன்று அவர்களைத் தாக்கியது. அவர்களுள் நால்வர் உனா நகருக்குக் கொண்டுவரப்பட்டு, மேலாடை களையப்பட்டு, காரோடு சேர்த்துக் கட்டப்பட்டு, பட்டப்பகலில் கடைத்தெருவில் அடிக்கப்பட்டனர். அதைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றியது அடித்த தரப்பே. இனி எவரும் மாட்டைத் தொடக்கூடாது என்ற எச்சரிக்கையாக அது ஊர் ஊராகப் போகும் என்று அவர்கள் கணக்கிட்டிருக்க வேண்டும். காணொளி ஊர் ஊராகப் போகத்தான் செய்தது. ஆனால் சுரேந்திரநகர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் தலித்துகள் செத்த மாடுகளைக் கொண்டுவந்து போட்டார்கள். ஆகஸ்டில் அகமதாபாத்திலிருந்து உனா வரை பேரணி நடந்தது. அடித்தவர்கள் பெருமையாக வெளியிட்ட படமே அவர்களுக்கு எதிரான சாட்சியமாக மாறியது.

2016ஆம் ஆண்டை நாம் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வாண்டு ஜனவரி 26 அன்று, திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதைக் கண்காணிப்புக் கேமரா பதிவுசெய்தது. அன்று மாலைக்குள் தமிழ்நாடு முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தது. ஜூலையில் உனா. செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலையைச் சரித்தது. கூலி வேலைக்குப் போகிறவரின் கையிலும் கேமராவும் இணையமும் சேர்ந்தே இருக்கும் காலம் அந்த ஆண்டில்தான் உறுதியாகத் தொடங்கியது எனலாம். சேரியின் அன்றாடத்தில் அது என்ன மாற்றியது, நீதிமன்றத்தில் என்ன மாற்றவில்லை என்பதையே இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

முன்பு நிலைமை வேறாக இருந்தது. 1968இல் வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபோதும், 2002இல் திண்ணியத்தில் தலித்துகளின் வாயில் மலம் திணிக்கப்பட்டபோதும், நடந்ததைச் சொல்வதற்குப் பாதிக்கப்பட்டவர்களின் சொல் மட்டுமே இருந்தது. அந்தச் சொல்லை எழுதிக்கொள்ள ஒரு உண்மையறியும் குழு வர வேண்டும். குழு எழுதியதை அச்சிட ஒரு பத்திரிகை மனமிரங்க வேண்டும். கேமரா என்பது வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் இருந்த பொருள். 1999இல் தாமிரபரணியில் மாஞ்சோலைத் தொழிலாளர் பேரணி மீது காவல்துறை தடியடி நடத்தி 17 பேர் இறந்தபோது படப்பதிவுகள் இருந்தன. ஆர்.ஆர். சீனிவாசன் அதை ஆவணப்படமாக்கினார். ஆனால் அதைப் பார்க்க ஓர் அரங்கமும் ஒரு கருவியும் திரையிடத் துணிந்த ஓர் அமைப்பும் தேவைப்பட்டன.

2017இல் மலக்குழி மரணங்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்திற்குப் பல ஊர்களில் காவல்துறை திரையிடல் அனுமதி மறுத்தது. படம் யூடியூபில் ஏறியது. அனுமதி மறுப்பது அதன்பின் பொருளற்றதாகிவிட்டது. அதற்கு முன்பே ‘தலித் கேமரா’ போன்ற அலைவரிசைகள், தொலைக்காட்சி நிலையங்கள் எட்டிப்பார்க்காத கூட்டங்களையும் மக்களின் நேரடிப் பேச்சையும் பதிவேற்றத் தொடங்கியிருந்தன. 2018 ஜனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ சென்னையில் மேடையேறியதைப் பார்த்தவர்களைவிடக் கைபேசியில் கேட்டவர்களே அதிகம். சாவுக்கு மட்டும் அழைக்கப்பட்ட பறையையும் குடிசைப் பகுதிகளின் கானாவையும் இன்று யாரும் யாரையும் கேட்காமல் கேட்க முடிகிறது. அம்பேத்கர் பிறந்த நாளன்று ஊருக்குள் ஊர்வலம் வரத் தடை என்றால், தடுப்பவரின் முகம் அன்றிரவே மாநிலமெங்கும் தெரிந்துவிடுகிறது. இவை சிறிய மாற்றங்கள் அல்ல.

ஆனால் இதே கருவி ஆதிக்கச் சாதிகளின் கையிலும் இருக்கிறது. அங்கே அது இன்னும் நேர்த்தியாக இயங்குகிறது. திருவிழா, குருபூசை, தலைவர் பிறந்த நாள் என்று ஏதேனும் ஒன்றை முன்னிட்டு அரிவாளும் சாதிக்கொடியும் வண்டி வரிசையுமாகப் பதினைந்து நொடிக் காணொளிகள் வந்து குவிகின்றன. ‘ஆண்ட பரம்பரை’ என்ற ஒரே வசனத்தை எத்தனை திரைப்படப் பாடல்களின்மேல் ஒட்டுவார்களோ தெரியவில்லை. பள்ளி மாணவனின் மணிக்கட்டில் இருந்த வண்ணக் கயிறு இப்போது அவனுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இருக்கிறது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் தலித் மென்பொருள் பொறியாளர் ஒருவர் கொல்லப்பட்டபின், அவ்வழக்கில் கைதானவரைப் போற்றிப் பதிவுகள் பரவியதைக் கண்டோம். கொலைக்குப் பிந்தைய கொண்டாட்டம் முன்பு டீக்கடையோடு முடிந்தது. இப்போது அது இசையோடு வந்து, பறிகொடுத்த குடும்பத்தின் கைபேசியிலேயே ஒலிக்கிறது.

இதைத் தண்டிக்கச் சட்டம் உண்டா? உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவு, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ ‘பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்’ இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதையும் மிரட்டுவதையும் குற்றமாக்குகிறது. 3(1)(எஸ்) சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைக் குறிக்கிறது. 3(1)(யு) எழுத்து, பேச்சு, சைகை, காட்சி என எவ்வழியிலும் இம்மக்களுக்கு எதிராகப் பகைமையும் வெறுப்பும் வளர்ப்பதைக் குற்றமாக்குகிறது. இந்தக் கடைசிப் பிரிவு ரீல்ஸ்களுக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. எங்கள் அனுபவத்தில் காவல் நிலையங்கள் அதைத்தான் மிகக் குறைவாகப் பயன்படுத்துகின்றன. அரிவாளோடு படம் போட்டவர்மீது ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டு, மன்னிப்புக் காணொளி ஒன்றையும் எடுத்து வெளியிட்டுவிட்டு, கோப்பை மூடிவிடுகிறார்கள்.

இணையம் ‘பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடமா’ என்ற கேள்விக்கு 2022இல் கேரள உயர் நீதிமன்றம் தெளிவாகப் பதில் சொன்னது. பழங்குடியினப் பெண் ஒருவரை இழிவுபடுத்தும் யூடியூப் நேர்காணல் தொடர்பான வழக்கு அது. பாதிக்கப்பட்டவர் எதிரில் இல்லாதபோது பேசியது குற்றமாகாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. இணையத்தில் ஏற்றப்பட்ட ஒன்றை யார் எப்போது திறந்து பார்த்தாலும் அது பொதுப் பார்வையே, பாதிக்கப்பட்டவரும் அங்கே இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. நான்கு சுவருக்குள் நடந்தது பொதுப் பார்வை ஆகாது என்று ஹிதேஷ் வர்மா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் சொன்னதையும், திருச்சி மாவட்டத்தில் வருவாய்த் துறை அலுவலர் ஒருவர் தம் அலுவலக அறைக்குள் அவமதிக்கப்பட்டதாகத் தொடர்ந்த வழக்கை 2025 ஜனவரியில் அதே காரணத்தால் ரத்து செய்ததையும் நினைத்துப் பார்த்தால், இந்தத் தீர்ப்பின் அருமை விளங்கும். அறைக்குள் திட்டினால் தப்பலாம். அதையே படம்பிடித்துப் பரப்பினால் தப்ப முடியாது.

இருந்தும் 2024 ஆகஸ்டில், ஷாஜன் ஸ்கரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறொரு கதவைத் திறந்துவிட்டது. பட்டியல் சாதியைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைப் பற்றிய யூடியூப் காணொளி தொடர்பான அவ்வழக்கில் முன்ஜாமீன் வழங்கிய நீதிமன்றம், அவமதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்பது மட்டும் போதாது, அவமதிப்பு அவருடைய சாதி அடையாளத்தோடு பிணைந்திருக்க வேண்டும் என்றது. 3(1)(யு) தனிநபருக்கு எதிரான பேச்சுக்குப் பொருந்தாது, ஒரு சமூகமாகக் கருதி வெறுப்பு வளர்த்தால்தான் பொருந்தும் என்றும் விளக்கியது. சட்டக் கல்லூரித் தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடைக்கும். ஊரில் சாதிப் பெயரை உச்சரித்துத்தான் அவமதிக்க வேண்டும் என்பதில்லை. தெருவின் பெயரைச் சொன்னால் போதும், செய்யும் தொழிலைச் சொன்னால் போதும், சில சமயம் ஒரு விலங்கின் எமோஜி போதும். ஆகவே இணைய அவமதிப்புக்குப் புகார் எழுதும்போது, பயன்படுத்தப்பட்ட சொல்லோ குறியோ அந்த வட்டாரத்தில் எதைக் குறிக்கிறது, யாரை நோக்கி எப்போதெல்லாம் அப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் புகாரிலேயே விரித்து எழுதியாக வேண்டும். நீதிபதிக்குத் தெரியும் என்று விட்டுவிடக்கூடாது.

நீதிமன்றம் கேட்கும் காணொளி

இனி நம் மக்கள் அதிகமாக ஏமாற்றமடையும் இடத்திற்கு வருவோம். வன்கொடுமைக் காணொளியொன்று லட்சம் பேரால் பார்க்கப்பட்டிருக்கும்; தொலைக்காட்சியில் விவாதம் நடந்திருக்கும்; வழக்கு விசாரணைக்கு வரும்போது அது சாட்சியாவணமாகவே ஏறாமல் போகும். ‘ஊரே பார்த்ததை நீதிபதி பார்க்க மாட்டாரா’ என்று எங்களிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சட்டம் பார்ப்பது எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை அல்ல; இந்தக் கோப்பு எந்தக் கருவியில் பிறந்தது, யார் கை வழியாக வந்தது, இடையில் மாறியதா என்பதை.

இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்வதற்குச் சான்றிதழ் கேட்டது. 2014இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சான்றிதழ் கட்டாயம் என்றது; 2018இல் வேறொரு வழக்கில் சற்றுத் தளர்த்தியது; 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு மீண்டும் கட்டாயமாக்கியது. அதே தீர்ப்பில் நமக்குப் பயன்படும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. படம் எடுத்த கைபேசியையே அதன் உரிமையாளர் கொண்டுவந்து சாட்சிக் கூண்டில் ஏறி மெய்ப்பித்தால் சான்றிதழ் தேவையில்லை. சான்றிதழ் தர வேண்டியவர், எடுத்துக்காட்டாகக் கேமரா வைத்திருக்கும் கடைக்காரரோ நிறுவனமோ, மறுத்தால் நீதிமன்றம் மூலம் அதை வரவழைக்கக் கோரலாம்.

2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு அந்த இடத்தில் இருக்கிறது. இப்போது சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள்: முதல் பகுதியைத் தாக்கல் செய்பவரும் இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், இரண்டிலும் கோப்பின் ‘ஹேஷ்’ மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை போன்ற எண்ணெழுத்துக் கோவை. காணொளியின் ஓர் இமைப்பொழுதை வெட்டினாலும் அது முற்றிலும் மாறிவிடும். புதிய சட்டத்தின் 57ஆம் பிரிவு, ஒரே நேரத்தில் சேமிக்கவும் அனுப்பவும்பட்ட காணொளியின் சேமிப்புகள் ஒவ்வொன்றையும் முதன்மைச் சாட்சியமாகக் கொள்ளலாம் என்கிறது. நேரலையாக ஒளிபரப்பியவருக்கு இது உதவும். குழுவிலிருந்து குழுவுக்குக் கைமாறி வந்ததை வைத்திருப்பவர் இதை நம்பி இருந்துவிடக்கூடாது.

காரணம் எளிது. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பும் காணொளி சுருக்கப்படுகிறது. எடுத்த கருவி, நேரம் போன்ற உள்விவரங்கள் பெரும்பாலும் போய்விடுகின்றன. ஹேஷ் மாறுகிறது. பிறகு யாரோ ஒருவர் சோகப் பாடலைச் சேர்க்கிறார். இன்னொருவர் வட்டம் போட்டு அம்புக்குறி இடுகிறார். அலைவரிசைக்காரர் தம் முத்திரையை ஒட்டுகிறார். நாலாவது நாளில் எங்களிடம் வருவது இந்தக் கோப்புதான். எடுத்தது யார் என்று கேட்டால், பயந்துபோய்க் கைபேசியிலிருந்து அழித்துவிட்டார் என்ற பதில் வருகிறது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை.

ஆகவே எடுத்தவரின் கைபேசியில் இருக்கும் மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருப்பதே முதல் வேலை. வெட்டக்கூடாது, ஒலியை மாற்றக்கூடாது. வழக்கறிஞருக்கோ நம்பிக்கையான ஒருவருக்கோ அனுப்புவதானால் ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்பினால் கோப்பு சுருங்காமல் போகும்; மெமரி கார்டிலோ பென் டிரைவிலோ நகலெடுத்து வைப்பது இன்னும் நல்லது. எடுத்த நாள், நேரம், நின்ற இடம், அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளலாம். எதிர்த்தரப்பு தானே ஏற்றிய காணொளியாக இருந்தால், அவர்கள் நீக்குவதற்கு முன் அதன் இணைப்பு முகவரியையும் கணக்கின் பெயரையும் பார்த்த தேதியையும் குறித்துக்கொண்டு திரைப்பிடிப்பு எடுக்க வேண்டும். அரசாணையாலோ நீதிமன்ற ஆணையாலோ நிறுவனங்கள் நீக்கிய பதிவுகளை, புலனாய்வுக்காக 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. அந்தக் காலத்திற்குள் புலனாய்வு அதிகாரி அதைக் கேட்டு எழுதியிருக்கிறாரா என்று நாம்தான் துரத்த வேண்டியிருக்கிறது. கடை, கோவில், சுங்கச்சாவடிக் கேமராக்களுக்கு அவ்வளவு காலமும் கிடையாது. பழைய பதிவின்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். சாத்தான்குளம் காவல் நிலையக் கேமராப் பதிவு அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை 2020இல் நீதித்துறை நடுவரே அறிக்கையில் எழுதினார். அவ்வாண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், காவல் நிலையக் கேமராப் பதிவுகளைப் பதினெட்டு மாதங்கள், இயலாதபோது குறைந்தது ஓராண்டாவது சேமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. காவல் நிலையத்திற்குள் நடந்த அவமதிப்புக்கு அந்தப் பதிவைக் கேட்டு மறுநாளே மனு எழுதலாம்.

சரியாகக் கைப்பற்றப்பட்ட பதிவு என்ன செய்யும் என்பதற்குக் கோகுல்ராஜ் வழக்கு சான்று. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோவிலுக்குச் சென்ற அவர் மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தற்கொலை செய்துகொள்வதாக அவரையே பேசவைத்துக் கொலையாளிகள் ஒரு காணொளியும் எடுத்திருந்தனர். காணொளி எப்போதும் உண்மை பேசும் என்று நம்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். முக்கிய சாட்சி பிறழ்ந்தார். உயர் நீதிமன்றம் அவரை அழைத்துக் கோவில் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டியபோதும், அதிலிருப்பது தாம் அல்ல என்றார். ஆனால் கோவிலின் பதிவு பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதிசெய்தது.

உடுமலை வழக்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. கேமராவில் வெட்டியவர்கள் இருந்தார்கள். வெட்டச் சொன்னவர் யார் என்பது கேமராவில் இருக்காது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் சதி மெய்ப்பிக்கப்படவில்லை என்று தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. சாதிக் கொலைகளில் திட்டமிடுதல் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. அங்கே அலைபேசி அழைப்பு விவரங்களும் பணப் பரிமாற்றமும் உறவினர் சாட்சியமும்தான் பேச வேண்டும். படம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் புலனாய்வு அந்த வேலையில் தளர்ந்துவிடும் ஆபத்தை நாம் தொடர்ந்து சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது.

படமெடுத்தவரும் படத்தில் இருப்பவரும்

சாட்சியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சாட்சியின் பாட்டை மறந்துவிடுகிறார்கள். காணொளியின் கோணமே அது எந்த வீட்டு மாடியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் 2025 ஜூனில் கோவில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கில், அடிப்பதை மறைவிலிருந்து படம்பிடித்தவர் பின்னர்த் தமக்குப் பாதுகாப்புக் கேட்க வேண்டியிருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு சாட்சிகளுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் பாதுகாப்புக் கோரும் உரிமையை வழங்குகிறது. பயணச் செலவும் பராமரிப்புச் செலவும்கூட அதில் அடங்கும். படம் வெளியாவதற்கு முன்பே அந்த மனு தயாராக இருப்பது நல்லது.

பிறகு கைபேசி. மூலக் கருவியைக் காவல்துறை மகஜர் எழுதிக் கைப்பற்றுவது வழக்குக்கு நல்லது. ஆனால் கட்டட வேலைக்கு நாளை ஆள் வேண்டும் என்று மேஸ்திரி அழைப்பது அந்த எண்ணில்தான். வங்கிக் கடவு எண் வருவதும் அதில்தான். மகளின் பாடமும் அதில்தான். மாதக்கணக்கில் அது தடய அறிவியல் ஆய்வகத்தில் கிடக்கும் என்று தெரிந்தால் யார் முன்வருவார்கள்? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகளின்கீழ், கோப்பின் தடய நகலை எடுத்துக்கொண்டு கருவியை இடைக்காலமாகத் திருப்பித் தரக் கேட்கலாம். மாற்றுக் கைபேசி வாங்கித் தருவதையும் இயக்கங்கள் வழக்குச் செலவாகவே கருத வேண்டும் என்பது எங்கள் கருத்து.

படத்தில் இருப்பவருக்கு நேர்வது இன்னும் கொடிது. 2020 செப்டம்பரில் ஹாத்ரஸில் தலித் பெண்ணின் உடலைக் குடும்பத்தினரின் இசைவின்றிக் காவல்துறை நள்ளிரவில் எரித்தது. அக்காட்சி வெளிவந்திராவிட்டால் அது நடக்கவேயில்லை என்று சொல்லியிருப்பார்கள்; அலகாபாத் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அதே வாரத்தில் அப்பெண்ணின் முகமும் பெயரும் மருத்துவமனைப் படங்களும் நீதி கேட்பவர்களாலேயே பகிரப்பட்டன. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 228ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 72. நல்லெண்ணத்தோடு பகிர்ந்தேன் என்பது விதிவிலக்கு ஆகாது. ஆடை களையப்பட்டு நிற்பவரின், அடிபட்டு அழுபவரின் முகத்தை நாம் பகிரும் ஒவ்வொரு முறையும் அடித்தவர் விரும்பிய பார்வையாளர் கூட்டம் பெரிதாகிறது. அவரிடமோ குடும்பத்திடமோ கேட்டோமா? முகத்தை மறைத்த பிரதி பரவட்டும். மறைக்காத மூலம் வழக்குக்கு இருக்கட்டும். இரண்டும் தனித்தனிக் கோப்புகளாக இருப்பதில் சட்டச் சிக்கல் ஏதுமில்லை.

ஆட்சியாளர்களும் இந்தக் கலையைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசம் சித்தியில் பழங்குடியினத்தவர் மீது ஒருவர் சிறுநீர் கழித்த காணொளி பரவியது. சில நாட்களில் முதலமைச்சர் பாதிக்கப்பட்டவரைத் தம் இல்லத்துக்கு அழைத்து, அவருடைய காலைக் கழுவினார். அதுவும் படம்பிடிக்கப்பட்டு நாடு முழுவதும் காட்டப்பட்டது. ஒரு மனிதர் ஒரே வாரத்தில் இரண்டு முறை காட்சிப்பொருளானார்.

‘வீடியோ இருக்கா?’

காவல் நிலையத்தில் இன்று புகார் கொடுக்கப் போகிறவர் சந்திக்கும் முதற்கேள்வி இதுவாக மாறி வருகிறது. இது எங்களை மிகவும் கவலைப்படுத்துகிறது. மணிப்பூரில் 2023 மே 4 அன்று குக்கி-ஸோ பழங்குடிப் பெண்கள் நிர்வாணமாக ஊர்வலமாக்கப்பட்டனர். அந்த மாதமே புகார் பதிவானது. ஜூலை 19 அன்று காணொளி வெளியாகும் வரை ஒருவரும் கைதாகவில்லை. வெளியான மறுநாள் முதல் கைது நடந்தது. இரண்டரை மாதங்கள் அரசிடம் இல்லாதது தகவல் அல்ல.

படமில்லாத வன்கொடுமைகளே மிகுதி. இரட்டைக் குவளையை யார் படம்பிடித்து என்ன நிரூபிப்பது? கடைக்காரர் காகிதக் குவளை நாகரிகம் என்பார். சுடுகாட்டுப் பாதை மறிப்பு, முடிதிருத்த மறுப்பு, ஊர்க் கட்டுப்பாடு, நூறு நாள் வேலையில் ஒதுக்கிவைப்பு, தனியறையில் மேலதிகாரி சொன்ன ஒரு சொல் ஆகியவை கேமராவுக்கு முன் நடப்பதில்லை. பெண்கள்மீதான பாலியல் வன்முறை பற்றிச் சொல்லவே வேண்டாம். காணொளி இருந்தால்தான் வழக்கு என்ற எழுதப்படாத விதி ஒன்று உருவானால், கேமராவைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொள்ளத் தெரிந்தவர்கள் எல்லாரும் நிரபராதிகளாகிவிடுவார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2018இல் சேர்க்கப்பட்டு 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த 18ஏ பிரிவின்படி, வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. ‘காணொளியைச் சரிபார்த்துவிட்டுப் பதிகிறோம்’ என்பதும் ‘காணொளி கொண்டுவந்தால் பதிகிறோம்’ என்பதும் முன்விசாரணைதான். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பொது ஊழியர் மீது 4ஆம் பிரிவு இருக்கிறது. தாமதத்தில் இன்னொரு இழப்பும் உண்டு: 1995ஆம் ஆண்டு விதிகளின்படி ஏழு நாட்களுக்குள் கிடைக்க வேண்டிய நிவாரணத்தின் முதல் தவணை, முதல் தகவல் அறிக்கை இல்லாமல் நகராது. எந்த உண்மையையும் மெய்ப்பிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற எண்ணிக்கை கிடையாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, புதியதில் 139. நம்பத்தகுந்த ஒரே ஒருவரின் வாய்மொழி போதும். பாதிக்கப்பட்டவரின் சொல்லுக்குச் சட்டம் கொடுத்த இடத்தைக் கைபேசிக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

இறுதியாக, சட்டமே வைக்கச் சொன்ன ஒரு கேமரா இருக்கிறது. 15ஏ பிரிவின் 10ஆம் உட்பிரிவு, இச்சட்டத்தின்கீழான குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகள் அனைத்தும் காணொளியாகப் பதிவுசெய்யப்பட வேண்டும் என்கிறது. சாட்சி எப்படிப் பிறழ்ந்தார், குறுக்கு விசாரணையில் பாதிக்கப்பட்ட பெண்ணிடம் என்னென்ன கேட்கப்பட்டது, ஜாமீன் மனுவில் அரசு வழக்கறிஞர் வாய் திறந்தாரா இல்லையா என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்த உட்பிரிவு நடைமுறைக்கு வந்து பத்தாண்டுகளாகின்றன. நாங்கள் வழக்காடும் நீதிமன்றங்களில் அதைக் கேட்டால் கருவி இல்லை, ஆள் இல்லை, சுற்றறிக்கை வரவில்லை என்ற பதில்கள் கிடைக்கின்றன. கேட்காமல் அது வராது. வழக்கின் முதல் வாய்தாவிலேயே, ஜாமீன் மனு விசாரணைக்கு வரும் அன்றே, பாதிக்கப்பட்டவரின் பெயரில் ஒரு பக்க மனுவாக இதைத் தாக்கல் செய்து, மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது அந்தத் தாள் வேண்டும்.